எக்ஸ்டர்னல் வந்திருக்கிறார்

ஒரு காட்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஆனால் பி.எட். கல்லூரி இருந்தது. அதன் முதல்வர் நீலமேகம் என்ற மயில். முதல்வர் என்பதால் அவரை மட்டும் 'அவர்' என்றே சொல்லிவிடுகிறேன், எதற்கு வம்பு.

அங்கே கோமளா என்ற சருகுமான் படித்தது. சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம் பெரிது, பயந்த சுபாவம். அதற்கு ஆசிரியை ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. முதல் வருடம் முழுக்கக் குழந்தை உளவியல் படித்தது. அந்த வருடம் ஒரு குழந்தையைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பிறகு நுண்ணிலைக் கற்பித்தல் வந்தது. ஆறே நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கூடப் படிக்கும் கரடியும் காட்டுப்பன்றியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு திறன்தான். கேள்வி கேட்கும் திறன் நடந்த நாளில் கோமளா தப்பித் தவறிக் கரும்பலகையில் எழுதிவிட்டது. "அது அடுத்த வாரம்மா," என்று சொல்லிப் பேராசிரியர் ஆமை அழித்துவிட்டது. அழித்து முடிக்கும்போது அடுத்த வாரமே வந்துவிட்டது.

இரண்டாம் வருடம் பாடக்குறிப்பு எழுதுவது. தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஆசிரியர் கேட்கும் கேள்வி, வலப்பக்கம் மாணவர் சொல்லப்போகும் பதில். பதில் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். பாடத்தின் தலைப்பை ஆசிரியர் சொல்லக் கூடாது. கேள்வி கேட்டுக் கேட்டு அதைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். வந்ததும் 'மிக நன்று' என்று சொல்ல வேண்டும். கோமளா இப்படி நாற்பது பாடக்குறிப்பு எழுதியது, எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டது.

போன வருடம் செய்முறைத் தேர்வில் ஒரு தடவை கோட்டை விட்டாகிவிட்டது. இந்த முறையும் போனால், அதன் புதருக்குப் பக்கத்துப் பள்ளியில் காலியாக இருக்கும் ஒரே ஆசிரியர் இடம் வேறு யாருக்காவது போய்விடும். அதனால் தேர்வு நாளன்று காலையில் அதற்குத் தழைகூட இறங்கவில்லை.

தேர்வு, பக்கத்துப் புள்ளிமான் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் நடந்தது. அந்த வகுப்பில் இருபத்தாறு குட்டிகள். பாவம், பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் நடத்துவார்கள்: 'சிறுத்தை வந்தால்'. காரணம் வேறொன்றுமில்லை, சீனியர்கள் விட்டுப்போன சார்ட் நன்றாக இருந்தது. குட்டிகள் அந்தப் பாடத்தைப் பதினோரு முறை கேட்டாயிற்று.

"மார்க் போடற எக்ஸ்டர்னல் வேற காட்டிலேர்ந்து வர்றார். ஆளை நானும் பார்த்ததில்லை," என்றார் முதல்வர். "வந்தார்னா பேசவே விடக் கூடாது. பாடக்குறிப்பு ரெக்கார்டை நீட்டிக்கிட்டே இருக்கணும்."

பத்து மணிக்கு ஒரு சிறுத்தை வந்தது. அசல் சிறுத்தை. மூன்று நாள் பட்டினி. பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் நுழைந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எந்தக் குட்டி கொழுகொழுவென்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது.

முதல்வர் எட்டிப் பார்த்தார். தெரியாத முகம். கடைசி பெஞ்ச். சிரிப்பு கிடையாது. பிள்ளைகளை எண்ணுகிறார். சந்தேகமே இல்லை என்று இளநீரும் முந்திரி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

சிறுத்தை வாயைத் திறந்தது. அதற்குள் முதல்வர் பதினான்கு ரெக்கார்டுகளை அதன் முன்னால் அடுக்கிவிட்டார்.

"இதெல்லாம் என்ன?"

"பக்கத்துக்குப் பக்கம் ஒரு கையெழுத்து சார். பார்க்கணும்னு அவசியமில்ல."

சிறுத்தை ஒரு பக்கத்தில் நகத்தால் கீறியது. போன வருட எக்ஸ்டர்னலின் கையெழுத்தைவிட அது தெளிவாகவே இருந்தது. ஒன்றில் போட்டால் விடுவார்களா. கல்லூரியில் படிக்கும் நாற்பது பேரின் ரெக்கார்டுகளும் வாசல்வரை வரிசையில் வந்துவிட்டன. சிறுத்தை கீறிக்கொண்டே இருந்தது, வயிறு ஒரு பக்கம் இரைந்தது.

கோமளா பாடத்தைத் தொடங்கியது. உள்ளே வந்ததிலிருந்தே அதற்கு மூக்கில் ஒரு வாடை அடித்தது, நான்கு காலும் நடுங்கின. தேர்வு பயம் என்று நினைத்துக்கொண்டது. சார்ட்டை ஆணியில் மாட்டியது.

"குழந்தைகளே, இந்தப் படத்தில் இருப்பது யார்?"

"சிறுத்தை," என்றன இருபத்தாறும்.

வகுப்புத் தலைவன் மருதன் கை தூக்கியது. "மிஸ், படத்துல இருக்கறவர் மாதிரியே ஒருத்தர் பின்னாடி உக்காந்திருக்கார் மிஸ்."

கோமளா பாடக்குறிப்பைப் பார்த்தது. வலப்பக்கத்தில் இப்படி ஒரு பதில் இல்லை.

"சந்தேகமெல்லாம் கடைசியில் கேட்க வேண்டும், மருதன்."

"சரி மிஸ். ஆனா நீங்க இன்னும் 'மிக நன்று' சொல்லல. போன வாரம் வந்த மிஸ் அதை மறந்துட்டு ரெண்டு மார்க் போச்சுன்னு அழுதாங்க."

"மிக நன்று," என்றது கோமளா, நன்றியோடு. "சிறுத்தை வந்தால் நாம் என்ன செய்வோம்?"

"ஓடுவோம்," என்றன குட்டிகள். கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து, ஒரே ராகத்தில் சொல்லின. பதினோரு முறையும் அப்படித்தான் சொல்லியிருந்தன. ஒன்றுகூட ஒரு அடி ஓடிப் பார்த்ததில்லை.

சிறுத்தை ரெக்கார்டுகளைத் தள்ளிவிட்டு எழுந்தது. நடுவழியில் நடந்து வந்து மருதன் பக்கத்தில் நின்றது. எக்ஸ்டர்னல் எழுந்து வந்து பிள்ளைகளிடம் கேள்வி கேட்பது வழக்கம்தான் என்று கோமளா பேசாமல் நின்றது. சிறுத்தை வாயைத் திறந்தது. அப்போதுதான் கோமளா அந்தப் பற்களைப் பார்த்தது. பிறகு சார்ட்டைப் பார்த்தது. மறுபடி பற்களைப் பார்த்தது. சீனியர்கள் நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள்.

"ஓடுங்க," என்று கத்தியது.

"ஓடுவோம்," என்றன குட்டிகள், உட்கார்ந்தபடியே.

கோமளாவுக்கு அழுகை வந்தது. இன்னும் மதிப்பிடலும் வீட்டுப்பாடமும் பாக்கி. பாடத்தைப் பாதியில் விட்டால் தேர்வு போய்விடும், இடம் போய்விடும். அதெல்லாம் அதற்கு நன்றாகத் தெரியும். மருதனின் காது சிறுத்தையின் மீசையில் உரசிக்கொண்டிருந்தது. கோமளா ஒரே தாவாக வாசலுக்குத் தாவி, அங்கே தொங்கிய தண்டவாளத் துண்டைக் கல்லால் அடித்தது. நீளமாக, விடாமல், பள்ளி விடும் மணியாக அடித்தது.

மூன்றாம் வகுப்பை அந்த மணிக்குப் பிறகு பிடித்து நிறுத்த எந்தச் சிறுத்தையாலும் முடியாது. மூச்சு விடுவதற்குள் பெஞ்செல்லாம் காலி. ஒரு குட்டி சிறுத்தையின் முதுகில் மிதித்துக்கொண்டே போனது.

மிஞ்சியது கோமளாவும் சிறுத்தையும்தான். சிறுத்தை அதை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு வாய்க்குத்தான் வரும், ஆனாலும் பரவாயில்லை என்று நெருங்கியது. அந்த நேரம் பார்த்து முதல்வர் வாழை இலையும் தூக்குச் சட்டியுமாக வந்தார். அடிவாரத்து ஊரிலிருந்து வரவழைத்த ஆட்டுக்கறி பிரியாணி, நாலு முட்டை. எக்ஸ்டர்னலுக்கு வருடா வருடம் உள்ள ஏற்பாடு. சிறுத்தை இலையைப் பார்த்தது. இது ஓடாது என்று புரிந்ததும் உட்கார்ந்துவிட்டது.

கோமளா முதல்வரைத் தனியே இழுத்தது. "சார், அவர் எக்ஸ்டர்னல் இல்ல. நிஜச் சிறுத்தை."

முதல்வர் திரும்பி நன்றாகப் பார்த்தார். புள்ளிகளைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பிறகு கையெழுத்தான நாற்பது பேர் ரெக்கார்டுகளையும் பார்த்தார்.

"இருக்கட்டுமேம்மா. கையெழுத்து கையெழுத்துதானே."

மதியம் நிஜ எக்ஸ்டர்னலான கிழட்டுக் கரடி மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றதும் அதற்குப் பரம சந்தோஷம். வருகைச் சான்று மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டது.

மறு மாதம் முடிவு வந்தது. முப்பத்தொன்பது பேர் தேர்ச்சி, கோமளா மட்டும் இல்லை. அதன் தாளில், அன்றைக்குப் பிரியாணி இலை முன்னால் உட்கார்ந்தபடி சிறுத்தை சொல்லச் சொல்ல முதல்வர் எழுதிய குறிப்பு இருந்தது: 'பாடம் முடிவதற்குள் மாணவர்கள் வகுப்பைவிட்டுச் சென்றனர். வகுப்பறைக் கட்டுப்பாடு இல்லை.'

கோமளா முதல்வர் அறையில் போய் நின்றது. அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனது, ஆனால் அழுதது.

"சார், இருபத்தாறு பிள்ளைங்களும் உயிரோட இருக்காங்களே சார்."

முதல்வருக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மார்க் ஷீட்டை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார்.

நீதி: பிள்ளைகளைக் காப்பாற்றுவதில் தவறில்லை, மதிப்பெண் போட்டு முடித்த பிறகு காப்பாற்றவும்.