ரசமட்டமும் ஒரே ஒரு ‘டிங்’கும்

இந்த உலகத்தில் எதுவுமே நேராக இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ரசமட்டம்தான். மாரெட்பள்ளியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் கருவி, அது எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அதனால் வந்த பெயர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். கல்யாணப் பந்தியில் மேஜை சரிவாக இருக்கிறது என்று பாயசத்தை மறுத்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேகம்பேட் கலையரங்கில் என் மகள் யாழினியின் முதல் கச்சேரி. அறுபது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவில் அவளுக்கு முக்கோணக் கம்பி. நூறு சுற்று தாளம் எண்ணிக் காத்திருந்து ஒரே ஒரு ‘டிங்’. ஒத்திகையில் இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். இன்னொரு முறை தவறினால் கம்பி வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக நான் உப்பு உறைப்பு தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“நானும் வர்றேன். இன்ஸ்பெக்‌ஷன் இல்லாம எந்தப் பொருளும் வெளிய போகக் கூடாது” என்று ரசமட்டம் காரில் ஏறிவிட்டார்.

கச்சேரி மாலையில். யாழினி கடைசி ஒத்திகைக்கு மாடிக்குப் போக, நாங்கள் கீழே ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், ஒரு சுவரில் சாய்ந்து தொங்கிய எட்டுப் படங்களையும் அவர் நிமிர்த்தி முடித்திருந்தார்.

காவலாளி ஓடிவந்தார். “சாப்! ஹாத் நக்கோ லகாவ்!” எங்கள் ஊர் உருதுவில், கை வைக்க வேண்டாம் என்று.

“கைக்கு நக்கோ? ஏன் வேணாம்? எல்லாம் கோணலா மாட்டியிருக்கீங்க!”

பின்னாலேயே ஓவியர், நரைத்த கிராப்பு வைத்த ஓர் அம்மாள், பதறிக்கொண்டு வந்தார். தமிழர்தான். “ஐயோ சார், அது நிலநடுக்கம்! வேணும்னேதான் சாய்ச்சு மாட்டியிருக்கேன்!”

“எத்தனை டிகிரி?”

“யாருக்குத் தெரியும்? மனசுக்குத் தோணினது.”

“எனக்குத் தெரியும்.” முதல் படம் நாலு, அடுத்தது ஆறு, மூன்றாவது இடப்பக்கம் மூணு என்று முனகியபடியே எட்டையும் பழையபடி சாய்த்தார். அந்த அம்மாள் கைபேசியில் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டார். இம்மி பிசகவில்லை. “காலையிலேருந்து எவ்வளவோ பேர் வந்தாங்க. இவர் ஒருத்தர்தான் ஒழுங்காப் பார்த்திருக்கார்” என்றார்.

அப்போது யாழினி படியிறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“விட்டுட்டியாம்மா?”

“இல்லப்பா, இப்ப கரெக்டா அடிச்சேன்.”

“அப்புறம் ஏன் அழறே?”

“ஏன்னா நீங்க அங்க இல்ல! நீங்க வந்த ரெண்டு நாளும்தான் மிஸ் ஆச்சு. உங்க மூஞ்சியப் பார்த்தா கவுண்ட் போயிடுது. இன்னிக்கு ஃப்ரன்ட் ரோ டிக்கெட் வேற எடுத்திருக்கீங்க!”

“நான் வெளியவே இருந்துடறேன்” என்றேன்.

“நக்கோ தம்பி” என்றார் ரசமட்டம். “நீங்க இல்லேன்னா குழந்தை உங்களத் தேடும். உள்ளயே இருங்க. மூஞ்சி மட்டும் வேணாம்.” பிறகு, எந்த இடத்திலிருந்து எண்ண வேண்டும் என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொண்டார்.

கச்சேரி தொடங்கியதும் தன் கருவியை எடுத்து என் இரு முழங்கால்களின் மேல் குறுக்காக வைத்தார். “குமிழி நடுவுல நிக்கணும். டிங் கேக்கற வரைக்கும் தலைய நிமிர்த்தக் கூடாது.”

வயலின்கள் கிளம்பின. முரசு இடித்தது. என் முழங்கால் நடுக்கத்தில் குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. குனிந்திருந்த எனக்கு, செருப்பைக் கழற்றிய அவர் பாதங்களும் தெரிந்தன. தொழிற்சாலையில் இரண்டு கையிலும் வேலை இருக்குமாம். எண்ணுவதற்குக் கால் விரல்கள்தானாம். பத்துச் சுற்றுக்கு ஒரு விரல் தரையில் அழுந்தியது.

ஏழு. எட்டு. மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒன்பது. குமிழி நடுவில் வந்து நின்றது. பத்து.

டிங்.

அறுபது வாத்தியங்களுக்கு நடுவே அந்த ஒலி தனியாக எழுந்து கூரை வரை போனது. என் மகளுடையது! நிமிர்ந்தேன். மேடையில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரசமட்டம், நான் பார்த்து முதல்முறையாக, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“பாஸ்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் யாழினி கட்டிக்கொண்டாள். “அப்பா, உங்க வழுக்கை மட்டும்தான் தெரிஞ்சுது. சூப்பர்!”

ரசமட்டம் இப்போது ஊரின் மறுகோடியில், உப்பலில் மகன் வீட்டோடு இருக்கிறார். அன்று எடுத்த யாழினியின் படம் எங்கள் கூடத்தில் மூன்று டிகிரி சாய்ந்து தொங்குகிறது. நான்தான் சாய்த்தேன், மனைவிக்குத் தெரியாமல். படம் சாய்ந்திருக்கிறது என்று அவரிடம் தொலைபேசியில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறாராம்.