மணவாளநல்லூர் எத்தனை கிலோமீட்டர்?

இனிமேல் உயிரே போனாலும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை என்று கொளஞ்சியப்பன் முடிவெடுத்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மகத்தான முடிவுகளையெல்லாம் அவர் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பது வழக்கம். வாய் நிறைய நுரை இருப்பதால் உடனே அறிவிக்க முடியாது. பெரும்பாலான முடிவுகள் கொப்பளிக்கும்போதே போய்விடும். இது மட்டும் போகவில்லை.

விருத்தாசலத்தில் நல்ல பீங்கானைத் தட்டிப் பார்த்தால் ணங்கென்று பேசும். கொளஞ்சியப்பனைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. சேலம் ரோட்டுப் பக்கம் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்யும் சிறிய சூளை ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் அது பிழைப்பு மட்டும்தான். வாழ்க்கை என்றால் மேடை. கட்சியில் நகரத் துணைச் செயலாளர். சுவரொட்டிகளில் 'வெண்கலத் தொண்டை' கொளஞ்சியப்பன். பகுத்தறிவுப் பேச்சாளர். அவருடைய அம்மா மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்று, சாமி பெயரையே வைத்த பிள்ளை அவர். அந்தப் பிள்ளை வளர்ந்து, மைக்கைப் பிடித்து, "உங்கள் கொளஞ்சியப்பன் பேசுகிறேன், சாமி கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிவிட்டது. தம் வார்டில் கவுன்சிலர் சீட்டு தமக்குத்தான் என்று கொளஞ்சியப்பன் வெள்ளைச் சட்டைகூடத் தைத்துவிட்டார். இந்த நேரத்தில்தான் முந்தின நாள் மாலை பாலக்கரைக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது.

"பக்கத்து வார்டை பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்களாம். ஒதுக்கட்டும்! ஆனா நகராட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி போடாதீங்க. ஆளுக்கொரு குடம் குடுத்துடுங்க. குழாயடியில என்ன நடக்குமோ அதுதான் அங்கயும் நடக்கும்!"

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போய், என்ன பேசினார்கள் என்று மனைவி கேட்டதும் சொல்லியும் விட்டார்கள். பேச்சாளர்கள் மறந்துபோகும் விஷயம் இதுதான்: கூட்டம் கலைந்தால் வீட்டுக்குப் போகும்.

கொப்பளித்துவிட்டு வாசலுக்கு வந்தார் கொளஞ்சியப்பன். கேட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

கேட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் குடங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா. எல்லாம் காலி. குழாயடியில் இடம் பிடிக்க வைப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்காக. பக்கத்தில் ஆள் இல்லை. கோஷம் இல்லை. கொடி இல்லை. யாரிடம் எதிர்த்துப் பேசுவது? வெண்கலத் தொண்டைக்கு இப்படி ஒரு சோதனை அதுவரை வந்ததில்லை. எதிரிக்கு வாய் இருந்தால்தானே பதிலடி கொடுக்க முடியும்?

வரிசையின் முதல் குடம் பச்சை. இடுப்பில் ஒரு நெளிசல். எங்கேயோ பார்த்த நெளிசல்.

"திரௌபதி! இது நம்ம வூட்டுக் குடம் மாதிரி இருக்குதே?"

அவர் மனைவி உள்ளேயிருந்து டம்ளரோடு வந்தார். "மாதிரி இல்லீங்க. நம்ம குடந்தான். எடம் புடிச்சு வெச்சிருக்கேன்."

"எதுக்கு எடம்?"

"அது தெரியலீங்க. ஆண்டாளக்கா வரிசை போடறாங்கன்னாங்க. வரிசைன்னா மொத ஆளா நின்னுட வேணாமா? டீயக் குடிங்க, ஆறிடும்."

ஆண்டாள் எதிர்வீட்டுக்காரி. மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி. கொளஞ்சியப்பனின் சூளையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவரும் அவர்தான்.

"நான் என்னா தப்பாப் பேசிட்டேன்? உன்னையா சொன்னேன்?"

"நானும் குழாயடிக்குத்தாங்க போறேன். இந்த டீயை எந்தத் தண்ணியில போட்டன்னு நெனச்சீங்க?"

டீ சற்றுக் கசந்தது.

"அது தமாசு திரௌபதி! இனிமே மேடையில எதைத்தான் பேசறது? குருடன்னா தப்பு. நொண்டின்னா தப்பு. கருப்பன்னா தப்பு. இப்ப பொம்பளைங்கன்னாலும் தப்பு. அப்புறம் கூட்டம் எப்பிடி சிரிக்கும்?"

"உங்களைப் பத்திப் பேசுங்களேன். நல்லா சிரிப்பாங்க."

உள்ளே போன் மணி அடித்தது. மாவட்டம் பேசியது. மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்றும், நகரச் செயலாளரை நகரம் என்றும் அழைப்பது கட்சி வழக்கம். ஆகவே கடலூர் மாவட்டம் முழுவதுமே அன்று காலை கொளஞ்சியப்பனைத் திட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

"யோவ் கொளஞ்சி, பேப்பர்ல வந்துடுச்சு. உன் வார்டுல ஆம்பளை ஓட்டவிடப் பொம்பளை ஓட்டு அதிகம்யா. ஞாயித்துக்கிழமை பாலக்கரையில மறுபடி கூட்டம். நானே வரேன். அதுக்குள்ள இந்தத் தீய அணை. இல்லன்னா சீட்டு உனக்கு இல்ல."

பொது வாழ்வில் வாய் தவறியவர்கள் இறங்குவதற்கென்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பது மேல்படி. சொன்னேன், பத்திரிகைதான் திரித்துவிட்டது என்பது அடுத்தது. யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்பது தரைக்குச் சற்று மேலே. தரையை யாரும் தொடுவதில்லை. கொளஞ்சியப்பன் அன்று முழுவதும் போனைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். நகரத்துக்கு ஒரு மறுப்பு. நிருபருக்கு ஒரு மறுப்பு. ஸ்ரீமுஷ்ணத்துச் சம்பந்திக்கு ஒரு மறுப்பு. திட்டக்குடியில் இருக்கும் சொந்தத் தங்கைக்கு மட்டும் மூன்று மறுப்பு, ஒவ்வொரு தடவையும் அவள் "சரிண்ணே, ஆனா சொன்னியா இல்லியா?" என்றே கேட்டாள்.

சாயங்காலம் திரௌபதி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"ஏங்க, நம்ம வூட்டுலேர்ந்து மணவாளநல்லூரு எத்தினி கிலோமீட்டரு இருக்கும்?"

"மூணு இருக்கும். ஏன்?" என்று சொல்லி முடித்த பிறகுதான் கொளஞ்சியப்பனுக்குக் கேள்வி உறைத்தது.

விருத்தாசலத்துக்காரர் யாரும் இந்தக் கேள்வியை வெறும் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயில், சாமி நடத்தும் கோர்ட்டு. நகை தொலைந்தாலும், பங்காளி நிலத்தை அமுக்கினாலும், புருஷன் சரியில்லையென்றாலும், சனங்கள் போலீசுக்குப் போகுமுன் அங்கே போய்ப் பிராது எழுதி, முனியப்பர் முன்னால் நிற்கும் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். கட்ட வேண்டிய தொகையை, எத்தனை கிலோமீட்டரிலிருந்து வருகிறோம் என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். ஆகவே ஒரு பெண்பிள்ளை மணவாளநல்லூருக்குக் கிலோமீட்டர் கேட்டால், யாரோ ஒருவனுக்கு நேரம் சரியில்லை என்று பொருள்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதாங்க."

"யார் மேல?"

"என்னாது யார் மேல? நீங்கதான் சாமியே இல்லன்னு சொல்றீங்களே. கீரைக்குப் பருப்பு போடட்டா, தேங்கா போடட்டா?"

கொளஞ்சியப்பன் மீது கொளஞ்சியப்பரிடம் பிராது! ஊருக்குத் தெரிந்தால் மானம் என்ன ஆவது? சிரித்து ஒதுக்கிவிட நினைத்தார். சிரிப்பு வந்தது; சத்தம் வரவில்லை.

மறுநாள் எழுந்து "திரௌபதி" என்று கூப்பிட்டார். காற்றுதான் வந்தது. வெண்கலம் ராத்திரியோடு ராத்திரியாகப் பித்தளையாகி, பித்தளை தகரமாகி, தகரமும் துருப்பிடித்திருந்தது. விரிசல் விட்ட பீங்கானைத் தட்டினால் வருமே ஒரு மொட்டைச் சத்தம், அதுதான் மிச்சம்.

"நேத்தெல்லாம் போன்ல கத்துனா தொண்டை என்னாத்துக்கு ஆவும்?" என்றார் டாக்டர். பகுத்தறிவுக்குப் பொருத்தமான பதில். பகுத்தறிவாளர் அதை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு, டிவிஎஸ் வண்டியை எடுத்து, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, நேராக மணவாளநல்லூருக்கு விட்டார்.

வேலில் கொத்துக் கொத்தாகக் காகிதங்கள். காற்றில் ஒன்றோடொன்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தன. எல்லாமே தம்மைப் பற்றித்தான் பேசுவதாக அவருக்குப் பட்டது. இதில் திரௌபதியுடையது எது? கையை நீட்டலாமா? நீட்டினால் அதற்கு வேறு தனியாக ஒரு தண்டனை இருக்குமோ?

"அண்ணே, வெங்கலத் தொண்டைண்ணே! நீங்களா?" பூக்கடைக்காரர் துண்டையும் மீறிக் கண்டுபிடித்துவிட்டார். "பிராது கட்ட வந்தீங்களா, திரும்ப வாங்க வந்தீங்களா?"

"சும்மா வேடிக்க பாக்க" என்று கொளஞ்சியப்பன் காற்றால் சொன்னார்.

"என்னாண்ணே, பேச்சே வரல? அய்யய்யோ, யாராச்சும் உங்க மேலயே கட்டிட்டாங்களா?"

டிவிஎஸ் வந்த வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம்.

வீட்டுக்குள் நுழைந்தும் நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். மின்விசிறியைப் போட்டார், நிறுத்தினார். கடைசியில் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, காற்றுக் குரலிலேயே ஆரம்பித்தார்.

"திரௌபதி, அந்தப் பிராதத் திரும்ப வாங்கிடு."

"சாமி இல்லதானே? அப்புறம் என்னா பயம்?"

"சாமி இல்ல. ஓட்டுப் போடறவன் இருக்கிறான்ல! என் மேல பிராது இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் போடுவான்?"

திரௌபதி அடுப்பைக் குறைத்தார். "தப்பு செஞ்சவங்க தப்புன்னு ஒத்துக்கிட்டா எந்தப் பிராதும் நிக்காதுங்க. அதான் ஊரு வழக்கம்."

"சரி. யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்..."

"பட்டிருந்தாலா? வாசல்ல அத்தினி குடம் இருந்துச்சு. இன்னுமா உங்களுக்குச் சந்தேகம்?"

"வருத்தம் தெரிவிக்கிறேன்."

"வருத்தம் மழை பெய்யலன்னாகூடத்தான் வரும். மன்னிப்புன்னு சொல்லுங்க. அதே எடத்துல, அதே மைக்குல."

"கொரலே இல்லியே!"

"எழுதிக் குடுங்க. நான் படிக்கிறேன்."

கொளஞ்சியப்பன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அது அருமையான ஏற்பாடாகத் தெரிந்தது. மன்னிப்பும் கேட்டாயிற்று; தம் வாயால் கேட்கவும் இல்லை. பல் தேய்க்கும்போது எடுத்த முடிவுக்கும் பங்கமில்லை. சீட்டும் வரும். அரசியல் சாணக்கியத்தில் தமக்கு இணையாக அந்த மாவட்டத்தில் ஆள் இல்லை என்று மகிழ்ந்து, எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கரையில் முன்னெப்போதும் இல்லாத கூட்டம். பாதிக்குமேல் பெண்கள். ஆண்டாள் முன்வரிசையில், மடியில் குடத்தோடு. மேடையில் மாவட்டம் நடுநாயகமாக வீற்றிருந்தது. பக்கத்தில் கொளஞ்சியப்பன், கழுத்தில் மப்ளர். திரௌபதி மைக் முன்னால் வந்து, அதைத் தன் உயரத்துக்கு இறக்கச் சொன்னார்.

எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்தார். மன்னிப்பு என்ற சொல் வந்த இடத்தில் கொளஞ்சியப்பன் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். கைதட்டல் வந்தது. முடிந்தது என்று அவர் மூச்சு விட்டபோது, திரௌபதி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினார். மைக்கை விடவில்லை.

"வூட்டுக்காரரு சொன்னது படிச்சிட்டேன். இப்ப நான் ஒண்ணு சொல்லிக்கிறேங்க. குழாயடியில சண்டை நடக்குதுன்னாரு. நெசந்தான், நடக்குது. ஆனா காலையில பஸ்ஸு புடிக்கிறவளுக்கு மொதக் கொடம் உட்டுடுவோம். கைப்புள்ளக்காரிக்கு அடுத்தது. சண்டை போட்டுக்கிட்டே, தண்ணி நிக்கிறதுக்குள்ள எல்லாக் கொடமும் ரொம்பிடும். நகராட்சியிலயும் சண்டை நடக்குது. எந்தக் கொடமாச்சும் ரொம்புச்சா?"

ஆண்டாள் மடியிலிருந்த குடத்தைத் தட்டினார். பின்னால் நூறு குடங்கள் முழங்கின. ஆண்கள் சிரித்தார்கள். இந்த முறை வீட்டுக்குப் போய்ப் பயமில்லாமல் சொல்லக்கூடிய சிரிப்பு. மாவட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கொளஞ்சியப்பனும் தட்டினார். மனைவி வழியாகத் தமக்கு வந்த புகழ் என்றே நினைத்தார்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது திரௌபதியிடம் கேட்டார். தொண்டை கொஞ்சம் தேவலை. "மன்னிப்புதான் கேட்டாச்சே. இன்னிக்கே போயி அந்தப் பிராதத் திரும்ப வாங்கிட்டு வந்துடு."

"எந்தப் பிராதுங்க?"

"மணவாளநல்லூர்ல கட்டினியே!"

"நான் எங்க கட்டினேன்? என் சக்கரை வியாதிக்கு டாக்டரு தெனம் மூணு கிலோமீட்டரு நடக்கச் சொன்னாருல்ல. அதான் தூரம் கேட்டேன்."

கொளஞ்சியப்பன் நுரையை விழுங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"கொளஞ்சி, லிஸ்டு ரெடி" என்றது மாவட்டம். "உன் வார்டு உன் வூட்டுக்கேதான்யா. சந்தோஷந்தானே?"

"தலைவரே!" என்றார் கொளஞ்சியப்பன். ணங்கென்று வந்தது குரல். பழைய வெண்கலம். "உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்!"

"அதெல்லாம் இருக்கட்டும். நோட்டீஸ் அடிக்கணும். பேரு வெறும் திரௌபதின்னு போடறதா, திரௌபதி கொளஞ்சியப்பன்னு போடறதா? தேர்தல் முடியற வரைக்கும் நீ எங்கயும் பேசாத, என்னா?"

குரல் திரும்பி வந்துவிட்டது. பேசத்தான் இடமில்லை. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். திரௌபதி வாசலில், அந்தப் பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, நம்ம வூட்டுலேர்ந்து நகராட்சி ஆபீஸு எத்தினி கிலோமீட்டரு இருக்கும்?"