மலைக்கிளைக்கு மட்டும் ஒற்றை லைன் போதும்

எட்டுத் திக்குக் கம்ப்யூட்டர்களையும் ஒற்றை விரலால் ஆட்டிவைக்கும் என் அக்கா மகளுக்கு, கிளை கிளையாய் வயர் மாட்டியே முதுகு வளைந்த உன் மாமா முழு சுயநினைவோடு எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருந்து என் வேலையைப் பிடுங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

நம் பார்சல் கம்பெனியின் அத்தனை கிளைகளையும் உன் சாஃப்ட்வேருக்குள் அடைத்துவிட்டு, "மாமா, இனிமே நீங்க பஸ்ல அலைய வேணாம், ஒரு இன்டர்நெட் லைன் போனா அதுவே அடுத்த லைனுக்கு மாறிக்கும், ஸ்கிரீன்ல பச்சைப் புள்ளியப் பார்த்துக்கிட்டு உட்காருங்க"ன்னு சொன்னியே, அன்றிலிருந்து பார்க்கிறேன், பார்த்துப் பார்த்து என் ரத்தமே பச்சையாகிவிட்டது. அந்தக் காலத்தில் நான் ரவுட்டர் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் டிரைவரே எழுந்து இடம் கொடுப்பார், பஸ் ஓடும்போதே! துறைமுகக் கிளையில் லைன் போனால் கப்பல்கள் எனக்காக விம்மி அழும். அதெல்லாம் தொலையட்டும். மலைக்கிளைதான் என் துக்கம். மாசம் பிறந்தால் அங்கே லைன் படுத்துவிடும். மூச்சு வாங்க ஏறிப் போனால், கிளையை நடத்தும் அந்த அம்மா, "வாங்க டாக்டர், நோயாளி உள்ள படுத்திருக்கு" என்பார். கழன்ற வயரை மாட்ட ஒரு நொடி, மழை விடக் காத்திருக்க ஒரு மாலை. ரெண்டு ஸ்டூல், ரெண்டு டீ, ஊர்க்கதை. "காத்துலதான் வயர் கழலுது" என்பேன். "ஆமா, பொல்லாத காத்து" என்பார். ஜன்னல் சாத்தியேதான் இருக்கும்.

போன மாசமும் வயர் கழன்றதாம். உன் சாஃப்ட்வேர் ஒரு விக்கல்கூட இல்லாமல் ரெண்டாவது லைனுக்குத் தாவிவிட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆகவே தாயே, மலைக்கிளையை மட்டும் பழையபடி ஒற்றை லைனில் விட்டுவிடு. "மாமாவுக்கு இந்த வயசுல கல்யாண ஆசை"ன்னு உன் அம்மாகிட்ட வத்தி வைக்காதே.

உன் ஸ்கிரீன் சிவக்காமலும் உன் முகம் வாடாமலும் இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. மலைக்கிளை இப்போது சிவப்பு. பதறிப்போய் போன் போட்டேன். "போன மாசம் ஒரு வயரக் கழட்டினேன், நீங்க வரல. இப்ப ரெண்டையும் கழட்டிட்டேன். இன்னும் எதைத்தான் கழட்டறது, டாக்டர்?" என்கிறார். உன் சாஃப்ட்வேர் பிரமாதம், எதையும் மாற்றாதே. பஸ் ஆடுவதால்தான் எழுத்து ஆடுகிறது, வேறொன்றுமில்லை.