மலரின் அப்பா

அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் பல நேரம் எதையும் கேட்பதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகர். (கம்பத்தில் பாதிப் பேருக்கு ‘பைத்தியக்கார டீச்சர்’. எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.)

வேலையில் சேர்ந்த புதிது. ஆறாம் வகுப்பு மலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. வாய்க்கணக்கில் கெட்டிக்காரி; புத்தகத்தைத் திறந்தால் அழுகை. அவளுக்கென்று தனிப் படிப்புத் திட்டம் போட, சிறப்பாசிரியர் ஜான்சியும் நானும் பெற்றோரை வரச் சொல்லியிருந்தோம். அவர்களைப் பக்குவமாகத் தயார்படுத்துவது என் வேலை.

“வெளிய தெரிஞ்சா கேலி பண்ணுவாக டீச்சர்” என்று மலரின் அம்மா போனில் பயந்தார்.

“இந்த ரூமை விட்டு ஒரு வார்த்தை போகாது” என்று சத்தியம் செய்தேன்.

அன்று ஜான்சி மலரைக் கூட்டிவரப் போயிருந்தபோது வேட்டி கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“மலரோட அப்பாவா?”

“ஆமா டீச்சர்.”

உட்கார வைத்து ஆரம்பித்துவிட்டேன். மலருக்கு வாசிக்க வராதது அவள் குற்றமில்லை, வகுப்பில் அவள் ஒளிந்து ஒளிந்து அழுகிறாள், அடிக்காதீர்கள்...

“எம்புள்ள நல்லா வாசிக்குமே?”

பெற்றோர் முதலில் மறுப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கனிவாகப் புன்னகைத்தேன்.

“மொத ரேங்க் எடுக்குது டீச்சர்.”

“ரேங்க்ல என்னண்ணே இருக்கு? மொதல்ல உண்மைய ஏத்துக்கணும்.”

பாவம், மனிதர் ஏற்றுக்கொண்டுவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்தபடி, “இது பரம்பரையா வர்றதா டீச்சர்?” என்றார். (பயிற்சி வீண்போகவில்லை என்று பூரித்தேன்.)

அப்போதுதான் ஜான்சி மலரோடு வந்தார். “இவுக எட்டாம் வகுப்பு மலரோட அப்பால்ல? டி.சி. வாங்க வந்தாக.”

ஜான்சிக்குப் பின்னால், வராந்தாவில், இன்னொரு தம்பதி நின்றிருந்தார்கள். இரண்டு மலர்களுக்கும் ராயப்பன்பட்டிதான் ஊர். அடுத்தடுத்த திராட்சைத் தோட்டம்.

உண்மையான அப்பா சத்தம் போடவில்லை. “ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான டீச்சர் கேட்டோம்? பக்கத்துத் தோட்டக்காரருகிட்டயே சொல்லிட்டீகளே.” மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். “வா ஆத்தா.”

மலர் தரையைப் பார்த்தபடியே போனாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் அவளை ‘மக்கு மலர்’ என்றார்கள். அதோடு அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நானும் ஜான்சியும் தேடிப் போனபோது திராட்சைப் பந்தலுக்கடியில் அம்மாவோடு குலை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கொடிக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்பா மோட்டார் ரூமுக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. கால் கடுக்கப் பலமுறை நடந்தோம். கடைசியில் ஜான்சியும் அம்மாவும் அந்தப் பந்தலுக்கடியிலேயே பேசி, திட்டத்தை முடிவு செய்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஆலோசனை அதுதான்.

அடுத்த ஜூனில் மலர் திரும்பி வந்தாள். ஒரு வருஷம் போனது போனதுதான். இப்போது மெதுவாக வாசிக்கிறாள்.

எங்கள் வீட்டில் நான் யாருக்காவது போனில் புத்தி சொல்ல ஆரம்பித்தால் போதும், “எந்த மலர்னு கேட்டுக்கிட்டியா?” என்பார் கணவர். மாமியார்கூடச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் மலரின் அப்பா ஏறிய பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறார் என்பதை மட்டும் இதுவரை வீட்டில் சொல்லவில்லை.