ஏழுக்குப் பூஜ்யம்

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் படத்திலிருந்த பதினொரு பேருக்குப் பத்தொன்பது குடும்பங்கள் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்துவிட்டன.

வரதன் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். படத்தில் பின்வரிசையில் ஆறு பேர், முன்வரிசையில் ஐந்து பேர், நடுவில் ஒரு கோப்பை. அதில் மாற்றமில்லை. நோட்டில் எழுதியிருந்த பெயர்கள்தான் எண்ண எண்ணக் கூடிக்கொண்டே போயின.

மார்னிங் ஸ்டார் கால்பந்துக் கழகத்தின் அலுவலகத்தில் வரதன் உதவியாளர். ஊர்க்காரர்கள் சாயங்காலத்தில் ஆடிக்கொண்டிருந்த கிளப்பைப் போன வருடம் தேர்வாய் கண்டிகைப் பக்கத்து இரும்புக் கம்பெனி ஒன்று வாங்கி, சம்பளத்துக்கு ஆடும் கிளப்பாக மாற்றியது. முதலில் ஆட்டக்காரர்களை மாற்றினார்கள். பிறகு கோச்சை மாற்றினார்கள். பிறகு மைதானத்துப் புல்லைக்கூட மாற்றினார்கள். மிச்சமிருந்தது வரலாறு ஒன்றுதான். அதை மாற்ற முடியாது என்பதால் சுவரில் மாட்டிவிடலாம் என்று மேனேஜர் துளசிராமன் முடிவு செய்தார்.

வரலாறு என்று கையில் இருந்தது இந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பழைய கிளப் கொட்டகையை இடித்தபோது கிடைத்தது. சுவரைப் பார்த்த மாதிரி திருப்பி மாட்டியிருந்தது. தூசி படாமலிருக்கப் பெரியவர்கள் எத்தனை அக்கறையாகச் செய்திருக்கிறார்கள் என்று துளசிராமன் வியந்து போனார். படத்துக்குக் கீழே சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டால் ‘1983 ஃபைனல், 7–0’ என்று எழுதியிருந்தது.

அது போதாதா? கிளப்பின் சின்னத்தில் ஏழு நட்சத்திரம் ஏறியது. படத்தில் இருப்பவர்கள் போட்டிருந்த கோடு போட்ட சட்டைதான் இனி கிளப்பின் ஜெர்சி என்று ஆனது. காலருக்குப் பின்னால் ‘7–0’ என்று தைத்தார்கள். ஆட்டம் நடக்கும்போது கேலரியிலிருந்து “ஏழுக்குப் பூஜ்யம்! ஏழுக்குப் பூஜ்யம்!” என்று கத்துவதற்கு ஆள் வைத்துப் பழக்கினார்கள். மணிப்பூரிலிருந்து வந்த ஆட்டக்காரர்கூட அதைச் சுத்தத் தமிழில் சொன்னார்.

“வரதன், வெள்ளிக்கிழமை சேர்மன் வந்து வரலாற்றுச் சுவரைத் திறக்கிறார். பதினொரு பேரும் பேரோட வேணும். இது நம்ம ஐடென்டிட்டி” என்றார் துளசிராமன்.

“நாப்பது வருசத்துக்கு முந்தி எடுத்த போட்டோ சார். அன்னிக்கு நம்ம கிளப்புல ஆடினவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல.”

“பிள்ளைங்க இருப்பாங்க இல்ல? கேளுங்க.”

வரதன் கேட்டான். செவ்வாய்க்கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, ‘இதில் உங்கள் அப்பா இருந்தால் தெரிவிக்கவும்’ என்று எழுதினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் சண்டைக்கு வந்தவர் தணிகாசலம். மைதானத்துக்குப் போகும் பாதை அவருடைய நெல்வயலின் ஓரமாகத்தான் போகிறது. அதனால் அவர் எங்கே வந்தாலும் சொந்த வீட்டுக்குள் வருவது போலத்தான் வருவார்.

“இந்தா பாரு வரதா. நடுவுல கப்ப புடிச்சிக்கினு நிக்கறாரே, கேப்டன், அது எங்க நைனா. காதப் பாரு. இப்ப என் காதப் பாரு.”

“காது சரியாத்தான் இருக்குது அண்ணே. ஆனா காலைல ஸ்டீபன் வந்து, அதே ஆளு எங்க பெரியப்பான்னு சொல்லிட்டுப் போனாரே.”

“அவன் காதப் பாத்தியா?”

“அவரு மூக்கக் காமிச்சாரு.”

“காது எனக்கு, மூக்கு அவனுக்கா? இன்னா பேஜாரா கீது! இதோ சொல்லிட்டேன், எங்க நைனா கேப்டன் இல்லன்னா வெள்ளிக்கிழம வழில வேலி உழும். உங்க சேர்மன் ஹெலிகாப்டர்லதான் எறங்கணும்.”

வரதன் கிளப்பின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்நேகாவிடம் ஓடினான்.

“முகம் மங்கலா இருக்கறதாலதான் ஆளாளுக்கு அப்பாங்கறாங்க. கொஞ்சம் தெளிவாக்க முடியுமாம்மா?”

“ரெண்டு நிமிசம்ணா. கம்ப்யூட்டரே பண்ணிடும்.”

கம்ப்யூட்டர் பண்ணியது. பதினொரு பேரில் பத்துப் பேருக்கு அடர்ந்த மீசையும், பளிச்சென்ற பல்லும், ஒரே மாதிரியான மோவாயும் கொடுத்தது. ஒரு தாய் வயிற்றில் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் போல நின்றார்கள். அப்படி ஒரு மீசைக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் அப்பாவாக இருக்கலாம். மத்தியானத்துக்குள் பத்தொன்பது இருபத்தைந்தாயிற்று.

பதினோராவது ஆள் கோல்கீப்பர். தொப்பியை இறக்கிவிட்டிருந்ததால் முகம் பூராவும் நிழல். கம்ப்யூட்டராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காது, மூக்கு எதுவும் தெரியாததால் அவரை மட்டும் ஒருவரும் சொந்தம் கொண்டாடவில்லை.

வரதனைத் தவிர.

அவனுடைய அப்பா ஏசுபாதம் மார்னிங் ஸ்டாருக்குக் கோல்கீப்பராக நின்றவர். வரதனுக்கு இரண்டு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் படமும் ஒரு புயலில் கூரை ஒழுகி ஊறிப்போனது. கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் படம் வைத்துப் பூ வைப்பார்கள். வரதன் வெறும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவான். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு அப்பாவின் முகம் தெரியாது. இப்போது கிடைத்ததிலும் முகம் தெரியவில்லை. ஆனாலும் தோள் தெரிந்தது, முழங்கையை மடித்துப் பந்தை இடுக்கியிருந்த விதம் தெரிந்தது. அதே மாதிரி அவனும் ஒருதடவை முழங்கையை மடித்துப் பார்த்தான்.

அன்று வீட்டில் அம்மா ஞானம்மாவிடம் படத்தை நீட்டினான். அவள் கண்ணுக்கு அருகில் வைத்து, தூரத்தில் வைத்து, கீழே வைத்துவிட்டாள்.

“எனக்கு இன்னாடா தெரியுது? ஆனா கோலில நின்னது உங்க அப்பாதான். அந்த ஃபைனலு முடிஞ்சி ஊட்டுக்கு வந்தவரு ரெண்டு நாளு யார்கூடவும் பேசல. சோறுகூட சரியாத் துன்னல.”

“சந்தோசம் ஜாஸ்தியானா அப்டித்தாம்மா இருக்கும்” என்றாள் வரதனின் மனைவி ஜெனிபர்.

வரதனுக்கும் அது சரியாகவே பட்டது. மறுநாள் காலை முதல் வேலையாகப் பித்தளைத் தகட்டில் ‘ஏசுபாதம், கோல்கீப்பர்’ என்று பொறிக்கக் கொடுத்தான். அவன் பெயரையும் சேர்த்தால் உரிமை கோரியவர்கள் இருபத்தாறு.

மிச்சம் பத்து இடம், இருபத்தைந்து அப்பாக்கள். வரதன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பத்துப் பேரை ஆட்டக்காரர்களாகவும், பதினைந்து பேரை மாற்று ஆட்டக்காரர்களாகவும் போட்டுவிட்டால் எல்லார் பெயரும் சுவரில் இருக்கும். ஒருவருக்கும் மனக்குறை இருக்காது.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. அரை மணி நேரத்தில் ஸ்டீபன் ஐந்து பேரோடு வந்து நின்றார்.

“எங்க பெரியப்பன எக்ஸ்ட்ராவா குந்த வெச்சிட்டியா நீ?”

“எக்ஸ்ட்ரா இல்லண்ணே, மாற்று ஆட்டக்காரர்...”

“தண்ணி பாட்லு தூக்கறவன்னு நேராச் சொல்லேன்! உங்க அப்பன் பேர மட்டும் பித்தளைல அடிச்சிக்கின. எங்களுக்கு பெஞ்சா?”

அந்தப் பித்தளைத் தகட்டு விஷயம் எப்படி வெளியே போனது என்று வரதனுக்குத் தெரியவில்லை. ஆனால் போய்விட்டது. ‘வரதன் வரலாறு எழுதுகிறான், அவன் அப்பனுக்கு மட்டும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஓடியது. வயலோரத்தில் தணிகாசலம் வேலிக்கல் இறக்கிவிட்டார். துளசிராமன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “வரதன், எல்லாம் ஸ்மூத்தா போகுது இல்ல?” என்று கேட்டார்.

மைதானத்து வாசலில் மணியம்மாளின் நாஷ்டா கடை. வரதன் இட்லியைப் பிய்க்காமலே உட்கார்ந்திருந்தான்.

“இன்னாடா, மூஞ்சி தொங்கிக் கெடக்குது?” என்றாள் மணியம்மாள்.

சொன்னான். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“நம்ம ஆளுங்க பனியனோடத்தான்டா ஆடுவாங்க. கோடு போட்ட சட்டைக்கு எங்க போனாங்க?”

“ஃபைனலு இல்லக்கா? புதுசாத் தச்சிருப்பாங்க.”

“தச்சாலும் தச்சிருப்பாங்க. அடுத்த வருசமே ஃபைனலு நடந்த மைதானம் கம்பெனிங்களுக்குப் போயிடுச்சி. போட்டியும் நின்னு போச்சி. யாரு கண்டா? ஆங், விசில் ஊதினவரு இருக்காரே! ஆதிநாராயணன் வாத்தியாரு. ஆரம்பாக்கத்துல பொண்ணு ஊட்ல கீறாரு.”

வரதன் இட்லியை விட்டுவிட்டு எழுந்தான். போன் போட்டான். எண்பத்தொரு வயதில் குரல் கணீரென்று இருந்தது.

“எண்பத்திமூணு ஃபைனலா? மறக்குமா நைனா! போன்ல படம் அனுப்பினா எனக்குக் கண்ணு தெரியாது. நேர்ல வந்து ஒவ்வொருத்தனா பேரு சொல்றேன்.”

இருபத்தைந்து குடும்பங்களுக்கும் வரதன் செய்தி அனுப்பினான். வெள்ளிக்கிழமை மேடையிலேயே நடுவர் கைகாட்டுவார். அவர் சொல்வதுதான் முடிவு. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தன் அப்பாவைத்தான் கைகாட்டப் போகிறார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. தணிகாசலம் வேலிக்கல்லை அங்கேயே வைத்துவிட்டு, புது வேட்டி எடுக்கத் திருவள்ளூர் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நிற்க இடமில்லை. சேர்மன் வந்தார். கோடு போட்ட ஜெர்சியில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் ஞானம்மாவை உட்கார வைத்து, பக்கத்தில் ஜெனிபர் உட்கார்ந்தாள். திரை விலகியது. பத்தடிக்குப் பதினைந்தடி அளவில் பதினொரு பேரும் நின்றார்கள். பத்துப் பேருக்குக் கீழே வெற்றுத் தகடு. கோல்கீப்பருக்குக் கீழே மட்டும் பெயர் மின்னியது.

ஆதிநாராயணனைக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றினார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியதைக் கூட்டமே பார்த்தது.

“இன்னும் மாட்டி வெச்சிக்கினு இருக்கீங்களா?” என்றார் மைக்கில். “பந்தயம் கட்டிட்டு மறுநாளே மறந்து போறவங்களத்தான் நான் பாத்துக்கீறேன். நாப்பது வருசமா சொன்ன வார்த்தையக் காப்பாத்துற ஊரு இது ஒண்ணுதான். அதுவும் இவ்ளோ பெரிசா!”

சேர்மன் எழுந்து நின்று கைதட்டினார். துளசிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன பந்தயம் என்று கேட்க வரதன் வாயைத் திறந்தான். அதற்குள் பழக்கி வைத்த ஆட்கள் கேலரியில் எழுந்துவிட்டார்கள்.

“ஏழுக்குப் பூஜ்யம்! ஏழுக்குப் பூஜ்யம்!”

பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கேலரியைப் பார்த்தார். ஆட்டக்காரர்களின் சட்டையைப் பார்த்தார், காலரைப் பார்த்தார். “இவ்ளோ பெருந்தன்மையா!” என்று அவர் முணுமுணுத்தது மைக்கில் கேட்டது.

தணிகாசலம் ஒரு பக்கம் காதைத் தடவிக்கொண்டு நின்றார், ஸ்டீபன் மறுபக்கம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றார். வரதனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கேப்டன் எக்கேடு கெட்டால் என்ன? நாற்பது வருடமாக மெழுகுவத்தி மட்டும் ஏற்றியவன் அவன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஏறி, பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயா, மத்தவங்களை அப்பறம் சொல்லுங்க. இந்தக் கோல்கீப்பரு... எங்க அப்பா, ஏசுபாதம்தானே?”

ஞானம்மா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். ஆதிநாராயணன் பித்தளைத் தகட்டை ஒருமுறை படித்தார். வரதனின் முகத்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்து அவர் முகம் மலர்ந்தது.

“ஏசுபாதம் மவனா நீ? அவன் எப்டி நைனா இதுல இருப்பான்? ஜெயிச்சவங்க படத்தத் தோத்தவங்க கொட்டாயில மாட்டி வெக்கணும்ங்கறதுதானே பந்தயம். இவங்க பதினோரு பேரும் சூளூர்ப்பேட்டைக்காரங்க, அந்த ஏழு கோலையும் வாங்கினவன்தான் உங்க அப்பன்!”