விசில்காரர் வீட்டு இங்கிலீஷ்

அந்தத் திங்கட்கிழமை பல் விளக்கும்போதே விசில்காரர் முடிவெடுத்துவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் ஆட்சி இங்கிலீஷில்தான் நடக்கும்.

அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். மிஷின்கள் போடும் கூச்சலில் மனிதக் குரல் எடுபடாது. அதனால் சூப்பர்வைசரான அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டேதான் வேலை வாங்குவார். ஒரு தடவை ஊதினால் மிஷினை நிறுத்து, இரண்டு தடவை ஊதினால் அடுத்த மூட்டையைப் போடு. வீட்டிலும் அதே சட்டம்தான். ஒன்று ஊதினால் துண்டு, இரண்டு ஊதினால் டீ. மிஷினே இல்லாத வீட்டில் எதற்கு விசில் என்று அவர் மனைவி கேட்டதும் இல்லை, அவர் யோசித்ததும் இல்லை.

இங்கிலீஷ் வந்த கதை இது. சலவை நிலையத்து முதலாளியம்மா ஊரின் மறுகோடியில் இரண்டாவது கிளை திறக்கிறார். அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். இப்போது வேலையில் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள், யார் வேண்டுமானாலும் நேர்காணலுக்கு வரலாம். ஆனால் ஆட்களை கண்ட்ரோல் பண்ணுவது எது, சூப்பர்வைஸ் பண்ணுவது எது, டைரக்ட் பண்ணுவது எது, மேனேஜ் பண்ணுவது எது என்று வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டுமாம். நாம் ‘பார்த்துக்கோப்பா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற சங்கதிக்கு வெள்ளைக்காரன் இத்தனை சொல் வைத்திருக்கிறானே என்று விசில்காரர் மலைத்துப் போனார். மலைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நாற்காலி அவருக்கு வேண்டும். கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை, தலைக்கு மேல் ஃபேன், காலடியில் ஈரமில்லாத தரை. காலமெல்லாம் சோப்புத் தண்ணீரில் நின்று அவருடைய பாதம் பஞ்சுபோல் ஊறிக் கிடந்தது.

எனவே வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. சொல் அகராதியிலிருந்து வந்தது, சோதித்துப் பார்க்க மனைவி இருந்தாள்.

முதலில் சூப்பர்வைஸ். அடுக்களையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் வெங்காயம் நறுக்குவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு துண்டு பெரிசாகவும் ஒரு துண்டு சிறிசாகவும் இருப்பதாகக் குற்றம் கண்டுபிடித்தார். கண்ணில் தண்ணீர் வந்ததும் எழுந்து கூடத்துக்கு ஓடிவிட்டார். வேடிக்கை பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டாள். வேடிக்கை பார்க்கிறவனுக்குச் சம்பளம் கிடையாது என்று விளக்கினார். அவள் நியாயம்தான் என்று தலையாட்டினாள். கட்டிய நாளிலிருந்து இவள் இவ்வளவு ஆசையாகத் தன் பேச்சைக் கேட்டதில்லையே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்து டைரக்ட். படுக்கையறை பீரோவைக் கூடத்துக்கு மாற்றுவதென்று தீர்மானித்தார். டைரக்ட் பண்ணுகிறவன் பொருளைத் தொடக்கூடாது என்பதால் அறைக்குள் நின்று கையை மட்டும் ஆட்டினார். வெளியிலிருந்து அவளும் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனும் இழுத்தார்கள். இடது, வலது, இன்னும் கொஞ்சம் என்று அவர் கையாட்டியதில் பீரோ வாசற்படியில் வசமாக மாட்டிக்கொண்டது. டைரக்டர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். அவள் தட்டுகளைக் கழற்றி, பீரோவைச் சாய்த்து, அவரை விடுவிக்கும்வரை இடுக்கு வழியாகத்தான் டீ போயிற்று. டீ குடித்துக்கொண்டே அவர் அடுத்த பாடத்தை நடத்தினார்.

“டெலிகேட்னா, நம்ம வேலையை நம்பிக்கையோட இன்னொருத்தர் தலையில கட்டுறது. புரியுதா?”

“அது நல்லாவே தெரியும். இத்தனை வருஷமா வாங்கிக்கிற பக்கம் நின்னிருக்கேனே.”

அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக ஏறுகிறது என்று அவர் எலெக்ட்ரீஷியனிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்.

“ஏங்க, முன்னாடி வேலை செஞ்சவங்களும் வரலாம்னு சொன்னீங்களே. நானும் போய்ப் பார்க்கட்டுமா?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “போயேன். யாரு வேண்டாங்கறா?”

சிரிக்காமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அதே சலவை நிலையத்தில்தான் இருந்தாள், தையல் மேசையில். வெளுக்கும்போது கிழிந்துபோகும் விரிப்புகளுக்கு ஒட்டுப்போடும் வேலை. அவள் போட்ட ஒட்டைக் கண்டுபிடிக்கத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். கல்யாணமான கையோடு அவர்தான் நிறுத்தினார். சூப்பர்வைசர் பெண்டாட்டி கிழிசல் தைக்கிறாளா என்று நாலு பேர் கேட்பார்கள் என்றார். திரும்பப் போகட்டுமா என்று பிறகும் பலமுறை அவள் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்று சொன்னார். அந்த நாலு பேர் இன்றுவரை வரவே இல்லை.

நேர்காணல் அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையோ மறந்து வைத்துவிட்டோம், கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துச் சட்டைப்பையைத் தடவினார்.

“மூக்குக் கண்ணாடியா?”

“அது உங்க மூக்குலதான் இருக்கு. நீங்க உள்ள போயிட்டு வாங்க, அடுத்தது நான்.”

உள்ளே முதலாளியம்மா கேட்டது ஒரே கேள்வி. கண்ட்ரோலுக்கும் மேனேஜுக்கும் என்ன வித்தியாசம்? விசில்காரர் அகராதியை அப்படியே ஒப்பித்தார். கேட்காத சொற்களையும் சேர்த்து ஒப்பித்தார். முதலாளியம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, சரி, வெளியே இருங்கள் என்றார்.

பிறகு அவள் போனாள். கதவு சாத்தியிருந்தது. சிறிது நேரத்தில் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலாளியம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் சிரிப்பும் கலந்து வந்தது. அந்தச் சிரிப்பு அவருக்குப் பழக்கமானதுதான், ஆனால் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. தையல் மேசைப் பக்கமிருந்து இது கேட்கும் என்பதற்காகவே ஒரு காலத்தில் அந்தப் பக்கம் தேவையில்லாமல் நடந்தவர் அவர். அப்புறம் அதை வீட்டுக்குக் கூட்டிவந்து, எங்கே போட்டோம் என்று தெரியாமல் தொலைத்துவிட்டார். வேலைக்குத் திரும்பப் போகட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் போயிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன கேடு வந்தது என்று தன்னையே நொந்துகொண்டார். நாற்காலி கைநழுவியது புரிந்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அதற்காக அவ்வளவாக வலிக்கவில்லை. வலித்தது வேறு.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வரும் வாரமே போய்ச் சேர வேண்டும். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உன்னையும் அதே கேள்விதானா?”

“அதேதான்.”

“என்ன சொன்னே?”

“கோவிச்சுக்கக் கூடாது. கண்ட்ரோல்னா எங்க வீட்டுக்காரர் செய்யிறது. மேனேஜ்னா அவரையும் வச்சுக்கிட்டு நான் குடும்பம் நடத்துறதுன்னு சொன்னேன்.”

விசில்காரருக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும். அகராதியில் இவ்வளவு தெளிவாகப் போடவில்லையே என்றுதான் தோன்றியது. அந்த மேசையை விட்டு உன்னை எழுப்பியிருக்கக் கூடாது, தப்பு பண்ணிட்டேன் என்று மெல்லச் சொன்னார். தெரியும் என்று அவளும் மெல்லச் சொன்னாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

பிறகு அவள்தான் ஆரம்பித்தாள். “புதுக் கிளைக்கு ஒரு சூப்பர்வைசரும் வேணுமாம். உங்களை அங்க மாத்தலாமான்னு யோசிக்கிறாங்க. ஆனா கொஞ்சம் முரண்டு பிடிக்கிற ஆளாச்சே, சமாளிக்க முடியுமான்னு என்கிட்ட கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்குப் பழகின வேலைதான், அனுப்பி வைங்கன்னேன்.”