‘வாங்கு’ பொத்தானை விடாத வீரர் இருவர்

எட்டுத் தறி ஆளும் ஏந்தல், வேட்டி மடிப்புக் கலையாத வேந்தன், சோமனூர் வெங்கடபதி வாழ்க! அவனெதிரே அத்தர் கமழும் தாடியான், உக்கடத்து உதிரிபாகக் கடைக்கோமான் அப்துல் மஜீதும் வாழ்க! தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஒரு பிற்பகலில் காந்திபுரத்துப் பேக்கரி மேசையொன்றை இவர்கள் போர்க்களமாக்கிய கதையைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

தறிகள் எட்டும் மூன்று நாளாய் மூர்ச்சையுற்றுக் கிடந்தன. அவற்றை எழுப்பவல்ல ஒரே மெக்கானிக் ஐந்து மணி ரயிலில் சூரத் போகிறான்; திரும்ப ஒரு மாதமாகும். அவன் போன் நம்பரோ மஜீதின் டிஜிட்டல் டைரி என்னும் கையடக்கப் பெட்டிக்குள் சிறைப்பட்டிருந்தது. வெங்கடபதியிடமும் அதே ரகப் பெட்டி. எதிரெதிரே வைத்தால் கம்பியில்லாமலே, கண்ணுக்குத் தெரியாத ஒளியால் ஒன்று சொல்ல மற்றது கேட்டுக்கொள்ளுமாம். கண்ணுக்கே தெரியாததை எப்படி நம்புவது! போகட்டும். விதி ஒன்றுதான்: ஒரு பெட்டி ‘அனுப்பு’ என்று தலைமை ஏற்க வேண்டும், மற்றது ‘வாங்கு’ என்று பணிந்து கிடக்க வேண்டும்.

தலைமை என்ற சொல் காதில் விழுந்ததும் கொங்குநாட்டு மரியாதை கொழுந்துவிட்டு எரிந்தது.

“பாய், பெரியவங்க நீங்க! நீங்களே அனுப்புங்க!” என முழங்கி, வெங்கடபதி ‘வாங்கு’வை அழுத்தினான்.

“உங்களுக்கு முன்னால நானுங்களா? உங்க அட்ரஸ மொதல்ல அனுப்புங்க, அப்பறந்தானுங்க நானு!” எனக் கர்ஜித்து, மஜீதும் ‘வாங்கு’வையே அழுத்தினான்.

வாயிற்கதவைத் திறந்துவைத்துப் படைவரவு பார்த்திருக்கும் இரு கோட்டைகளென, வருவார் எவருமின்றி, பெட்டிகள் வாய்பிளந்து கிடந்தன. பின்பு இருவரும் ஒரே நொடியில் மனமிரங்கி ‘அனுப்பு’வை அழுத்த, கிடாய்கள் முட்டியதுபோல் ஒளியும் ஒளியும் மோதி இரண்டும் ‘பிழை’ என்று அலறின. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி இருவரும் ‘வாங்கு’. இவ்வாறு ஏழு முறை, மூன்று டீ.

கல்லாவிலிருந்து எழுந்தாள் பேக்கரிக்காரி பாவாத்தாள். “ஏனுங்க, ரெண்டு பேருமே கேட்டுட்டிருந்தா எவருங்க பேசறது? வாயில சொல்லிப்போடுங்க!”

“மிசினு வெச்சுக்கிட்டு வாயில சொன்னா மரியாதைங்களா, அம்மணி?” என்றனர் இருவரும், அந்த ஒன்றில் மட்டும் ஒருமித்து.

பாவாத்தாள் பாய்ந்தாள். மஜீதின் விரலைப் பிடித்து ‘அனுப்பு’வில் ஊன்றினாள், வெங்கடபதியின் கையை மேசையோடு அமுக்கினாள். விண்ணதிரக் ‘கீங்’ என்றது பெட்டி! வந்தது நம்பர்! வாகை சூடிய வெங்கடபதி கல்லாவிலிருந்த போனை வெற்றிச் சங்கென ஏந்தி எண்களைச் சுழற்றினான்.

“அவரு இப்பத்தானுங்க ரயிலுக்குப் போனாரு” என்றாள் மெக்கானிக்கின் மனைவி.